கார் இல்லாமல் ஆடம்ஸ்டவுனில் குடியேறலாமா?

கேள்வி: டப்ளினில் கிராண்ட் கனால் டாக் பகுதியில் என் கணவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. நகரின் மேற்கே, லூக்கனை ஒட்டிய ஆடம்ஸ்டவுனில் வாடகை வீடு பார்க்கிறோம். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு மூன்று. முதல் ஓராண்டுக்குக் கார் வாங்கும் எண்ணமில்லை. போக்குவரத்து, பள்ளி, மருத்துவ வசதிகள் எங்களுக்குப் போதுமானவையா?

பதில்: தாராளமாகக் குடியேறலாம். ஆனால், வீடு ரயில் நிலையத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும்; மகளுக்குப் பள்ளியில் இடம் உண்டா என்று விசாரிக்காமல் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது.

விளம்பரங்களில் ‘லூக்கன்’ என்று வருவதெல்லாம் ஒரே மாதிரியான இடமல்ல. லிஃபி ஆற்றங்கரையில் உள்ள பழைய ஊர் ஒன்று. அதைச் சுற்றிக் கார் வைத்திருப்போரை மனத்தில் கொண்டு கட்டப்பட்ட குடியிருப்புகள் மற்றொன்று. இந்தக் குடியிருப்புகளில் பல தெருக்கள் முட்டுச் சந்துகளாக முடிவதால், வரைபடத்தில் கடை பின்வீட்டுச் சுவருக்கு அப்பால் இருப்பதுபோல் தெரிந்தாலும், நடந்து போகும்போது ஊரைச் சுற்ற வேண்டியிருக்கும். எனவே தூரத்தை நேர்கோட்டில் அளக்காமல், நடைவழியைத் தேர்ந்தெடுத்து அளந்து பாருங்கள்.

ஆடம்ஸ்டவுன் இவற்றிலிருந்து வேறுபட்டது. 2001இல் அரசு அதைச் சிறப்பு வளர்ச்சி மண்டலமாக அறிவித்தது. இத்தனை வீடுகளுக்கு இன்னின்ன வசதிகள் முடிந்த பிறகே அடுத்த கட்டம் என்ற விதியோடு திட்டம் வகுக்கப்பட்டது. அதன் பயனாக 2007இலேயே ரயில் நிலையம் திறக்கப்பட்டது. ஆனால் 2008இல் பொருளாதாரம் சரிந்து வீடு கட்டுவது நின்றபோது, வீடுகளோடு பிணைக்கப்பட்டிருந்த கடைத்தெருவும் நின்றுபோனது. நிலையத்தருகே டெஸ்கோ, ஆல்டி போன்ற பெரிய கடைகள் வருவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நகரை நோக்கிய அடுத்த நிலையமான கிஷோக், 2009வாக்கில் கட்டி முடிக்கப்பட்டும் 2024 ஆகஸ்ட் வரை பூட்டியே கிடந்தது. ஆகவே, வீட்டு முகவர் ‘விரைவில் வருகிறது’ என்று சொல்லும் எதையும் இன்று இல்லாததாகவே கணக்கிடுங்கள். இந்தத் தடத்தை மின்மயமாக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்திருப்பதும் இதில் அடங்கும்.

உங்கள் கணவரின் பயணத்தைப் பொறுத்தவரை, ஆடம்ஸ்டவுனில் நிற்கும் ரயில்களில் சில ஃபீனிக்ஸ் பூங்காச் சுரங்கப்பாதை வழியாக கிராண்ட் கனால் டாக் வரை நேராகச் செல்கின்றன. மற்றவை ஹூஸ்டன் நிலையத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து லுவாஸ் எனப்படும் டிராம் வண்டியின் சிவப்புத் தடத்திலோ பேருந்திலோ மாற வேண்டும். எந்த ரயில் எது என்பதை அட்டவணையில் பார்த்து, அதற்கேற்ப அலுவலக நேரத்தை அமைத்துக்கொள்வது நல்லது. ரயில் தவறினால் சி1, சி2 பேருந்துகள் நகர மையம் வழியாக, கிராண்ட் கனால் டாக் பக்கமுள்ள சாண்டிமவுண்ட் வரை ஓடுகின்றன. பயணக் கட்டணம் செலுத்தும் லீப் அட்டை இருந்தால் 2 யூரோவில் 90 நிமிடத்துக்குள் ரயில், லுவாஸ், பேருந்து என்று மாறிக்கொள்ளலாம்.

பள்ளிதான் உண்மையில் கடினமான பகுதி. செப்டம்பரில் தொடங்கும் வகுப்புக்கான விண்ணப்பங்கள் முந்தைய ஆண்டு அக்டோபர் முதலே பெறப்படுகின்றன. நீங்கள் இடையில் வந்து சேர்வதால், தொடக்கப்பள்ளியின் இரண்டாம் ஆண்டான சீனியர் இன்ஃபன்ட்ஸ் வகுப்பில் காலியிடம் உண்டா என்று ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியே எழுதிக் கேட்க வேண்டும். ஆடம்ஸ்டவுனில் எந்த மதத்தையும் சாராத ‘எஜுகேட் டுகெதர்’ அமைப்பின் பள்ளியும் கத்தோலிக்கப் பள்ளியும் உள்ளன. கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி என்பதால் தயங்க வேண்டாம்: ஞானஸ்நானத்தை வைத்துச் சேர்க்கையில் முன்னுரிமை தருவது 2018 சட்டத்தோடு முடிந்துவிட்டது, மத போதனை வேண்டாமென்று பெற்றோர் எழுதித் தரவும் உரிமை உண்டு. ஆயினும் அந்த நேரத்தில் குழந்தை பெரும்பாலும் அதே வகுப்பறையில்தான் வேறு வேலை செய்துகொண்டு உட்கார்ந்திருக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்திருங்கள். இடமில்லை என்றால் அதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டுக்கும், குழந்தைகள், குடும்ப நலனுக்கான அரசு அமைப்பான டுஸ்லாவின் கல்விப் பிரிவிடம் உதவி கேட்பதற்கும் அந்தக் கடிதம் தேவைப்படும். மகனுக்கு அரசின் இலவச முன்பள்ளித் திட்டம் உண்டு. நாளுக்கு 3 மணி நேரம், ஆண்டுக்கு 38 வாரம். நீங்களும் வேலைக்குப் போவதானால் மீதி நேரத்துக்கான செலவைத் தனியே கணக்கிட வேண்டும்.

எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் குடும்ப மருத்துவரைக் கட்டணமின்றிப் பார்க்க அட்டை கிடைக்கும். ஆனால் பல மருத்துவர்கள் புதியவர்களைச் சேர்ப்பதில்லை. எனவே யாருக்கும் உடம்புக்கு முடியாமல் போவதற்கு முன்பே நான்கைந்து இடங்களில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். மருத்துவரின் கடிதமின்றி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகச் சென்றால் பொதுவாக 100 யூரோ கட்டணம்.

முன்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்பது சட்டவிரோதம்; அதோடு முதல் மாத வாடகை, அவ்வளவே. வீட்டை நேரில் காட்டாமல் பணம் கேட்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். குப்பை அள்ளுவது அங்கே மாநகராட்சியின் வேலையல்ல, தனியார் நிறுவனங்களின் வேலை; அந்தக் கட்டணம் வாடகையில் அடங்குமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.