கட்டிலுக்கு அடியில் கிராமத்துப் பூனை

கேள்வி: கிராமத்தில் வளர்ந்த எங்கள் இரண்டு வயது ஆண் பூனையை நகரத்தில் எட்டாவது மாடி வீட்டுக்குக் கொண்டு வந்தோம். மூன்று நாளாகக் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது, இரவில் மட்டும் சாப்பிடுகிறது. பால்கனிக் கதவைத் திறந்துவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: கதவைத் திறக்காதீர்கள். பூனையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்கவும் வேண்டாம். இரவில் வந்து சாப்பிடுவது நல்ல அறிகுறி. வீடு அடங்கியதும் மெல்ல மோப்பம் பிடித்துப் பார்க்கிறது என்று அர்த்தம்.

பூனைக்கு வீடு என்பது வாசனைதான். கதவிலும் நாற்காலிக் காலிலும் கன்னத்தைத் தேய்த்துத் தன் வாசனையை ஏற்றினால்தான் அந்த இடம் அதற்குப் பழகும். ஊரில் அது படுத்திருந்த சாக்கோ பழந்துணியோ இருந்தால் துவைக்காமல் அப்படியே போடுங்கள். முதல் சில நாட்களுக்கு ஒரே ஓர் அறை போதும். மண்ணைப் பறித்து மலஜலம் கழித்துப் பழகிய பூனைக்குக் கடையில் விற்கும் பூனை மணல் புரியாது. மணல் தட்டில் பாதி தோட்டத்து மண்ணைக் கலந்து வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். அந்தத் தட்டு சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

சத்தமும் ஒரு பெரிய பாரம். நம் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பூனைக்கு ஏறக்குறைய 64,000 வரை கேட்கும். நாம் கவனிக்காத கீச்சொலிகூட அதைத் திடுக்கிட வைக்கும். சாலைப் பக்கம் இல்லாத அறையைக் கொடுங்கள்.

அப்புறம் பால்கனி. எங்கிருந்து விழுந்தாலும் பூனை காலூன்றி நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி நியூயார்க் கால்நடை மருத்துவர்கள் 1987-இல் எழுதினார்கள். சிகிச்சைக்கு வந்தவற்றில் சுமார் 90 சதவீதம் பிழைத்தன. ஆனால் நெஞ்சிலும் தாடையிலும் காலிலும் பலத்த அடி. விழுந்த இடத்திலேயே இறந்தவை இந்தக் கணக்கில் வரவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மேலிருந்து கீழ்வரை உறுதியான வலை அடித்த பிறகே பால்கனி. ஜன்னலுக்கும் அப்படியே.

பயம் தெளிந்ததும் வேட்டைக்கு ஏங்கும். விடியலிலும் அந்தியிலும் கயிற்றை இழுத்துத் துரத்த விடுங்கள், பிடித்ததும் சாப்பாடு வையுங்கள். கருத்தடை செய்யவில்லையென்றால் செய்துவிடுங்கள். வெளியே ஓடும் தவிப்பு பெரும்பாலும் குறையும்.

ஒரு நாள் முழுக்க எதுவும் தின்னாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். மணல் தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் விடியும் வரைகூடக் காத்திருக்காதீர்கள். ஆண் பூனைக்குச் சிறுநீர்ப்பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.