சரவாங்கிக்கு (முடக்குவாதம் என்கிற மூட்டு நோய்) ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். கண்ணைப் பாதிக்கும் என்கிறார்கள், நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். அதாவது, நீங்களாக நிறுத்தாதீர்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும். திடீரென்று விட்டால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் இறங்கி ஐசியூ வரை போக வேண்டி வரலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது மூட்டு டாக்டர் வேலை. ஆனால் கண் டாக்டரை இந்த மாதமே பாருங்கள்.

நான் டாக்டர் இல்லை, பள்ளிக்கூட டீச்சர். பட்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

39 வயதில் எனக்குச் சரவாங்கி வந்தது. காலையில் குழாயைத் திருகக்கூட விரல் மடங்காது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை 20 மில்லிகிராமில் ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் நானே துணி பிழிந்தேன். "இங்கிலீஷ் மருந்தே வேண்டாம்னு அப்பவே சொன்னோம்" என்று கிளம்பி வருகிறவர்கள் இந்த வரியை இரண்டு தரம் படித்துவிட்டு வரவும். 5-க்குக் குறைத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். நான் போகவில்லை. வலித்தால் 10, இல்லாவிட்டால் 5 என்று நானாகவே முடிவு செய்து, அதே பழைய சீட்டைக் காட்டி மூன்று வருஷம் வாங்கிச் சாப்பிட்டேன். மெடிக்கல்காரரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனாலும் தப்பு என்னுடையதுதான்.

முதலில் காலைப் பிரேயரில் தெரிந்தது. வெயிலில் பிள்ளைகள் முகமெல்லாம் வெளுத்துக் கலங்கித் தெரியும். வகுப்புக்குள் நுழைந்தால் சரியாகிவிடும். அப்புறம் பரீட்சைப் பேப்பரில் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியவில்லை. வெள்ளெழுத்து என்று நினைத்து இரண்டு முறை கண்ணாடி மாற்றினேன்.

சொட்டு மருந்து விட்டுக் கண் பாவையை விரித்துப் பார்த்த கண் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஸ்டீராய்டு சாப்பிடுறீங்களா?" கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் பின்பக்கம், சரியாக நடுவில் புரை. வெயிலில் பாவை சுருங்கும்போது வெளிச்சம் அந்த நடுவழியாகத்தானே போக வேண்டும், அதனால்தான் பிரேயரில் அந்தத் திணறல். "பிரஷரும் 28 இருக்கு" என்றார். போன வாரம்தான் பார்த்தேன், 120/80 என்றேன். அது ரத்தத்துக்காம். கண்ணுக்குள் தனியாக ஒரு பிரஷர் உண்டு, 10 முதல் 21 வரை இருந்தால் சரி. புரையாவது மங்கலாக்கித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பிரஷர் வலியே இல்லாமல் கண் நரம்பைத் தின்னும், போன பார்வை திரும்பாது. எனக்கு நரம்பு தப்பித்தது. தினமும் ராத்திரி ஒரு சொட்டு மருந்து.

வலது கண்ணில் லென்ஸ் வைத்தாயிற்று, இடது மே லீவில். மூட்டுக்கு இப்போது வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட். ஸ்டீராய்டு ஆறு மாதத்தில் படிப்படியாகக் குறைந்து நின்றது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாத்திரையால் முகம் உப்பியிருந்த மூன்று வருஷமும் கல்யாண வீடுகளில் "நல்லா பூசினாப்ல இருக்கியே" என்றார்கள். முகம் இறங்கியதும் அதே சித்தி பந்தியில் வைத்துக் கேட்கிறார், "ஏன்டி இப்படி இளைச்சுட்ட, சுகர் பார்த்தியா?" சுகர் ஏறியிருந்தது நான் பூசினாப்ல இருந்தபோது, சித்தி.