‘மிஷன்’ என்ற சொல்லை எடுத்துவிடலாமா?

கேள்வி: சுவிசேஷ ஊழியம் செய்யும் எங்கள் மிஷன் தொடங்கி அறுபது ஆண்டுகள் ஆகின்றன. பெயரிலுள்ள ‘மிஷன்’ என்ற சொல் அந்நிய ஆட்சியை நினைவுபடுத்துகிறது, அதைக் கேட்டதுமே மக்கள் ஒதுங்குகிறார்கள், எல்லாருக்கும் பொதுவான ஒரு பெயர் வைத்துக்கொள்வோம் என்று இளைய உறுப்பினர்கள் வற்புறுத்துகிறார்கள். முன்னோர் ஜெபித்து வைத்த பெயரில் கைவைக்கக் கூடாது என்று மூத்தவர்கள் மறுக்கிறார்கள். அடுத்த பொதுக்குழுவில் வாக்கெடுப்பு. தாங்கள் எந்தப் பக்கம்? (நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர்)

பதில்: எந்தப் பக்கமும் இல்லை. இரு தரப்பாரும் பெயரைப் பற்றி வாதிடுகிறீர்கள். அந்தப் பெயரால் செய்யப்பட்டவற்றைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை.

மூத்தவர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. அமைப்பின் பெயர் வேதவசனம் அல்ல. இங்கிலாந்தின் சர்ச் மிஷனெரி சொசைட்டி என்ற சங்கம் 1799இல் தொடங்கியபோது அதற்கு அந்தப் பெயரே கிடையாது, 1812இல்தான் வந்தது. 1995இல் ‘மிஷனெரி’ என்பதை ‘மிஷன்’ என்று மாற்றிக்கொண்டார்கள். ஆங்கிலேய மிஷனெரி ஹட்சன் டெய்லர் 1865இல் தொடங்கிய சீன உள்நாட்டு மிஷன், சீனாவை விட்டு வெளியேற வேண்டி வந்தபின் ஆசியாவின் மற்ற நாடுகளுக்குப் போனது. 1964இல் பெயரையும் மாற்றியது. வேலை மாறியது, பெயர் அதன் பின்னால் வந்தது. இதில் முன்னோருக்கு என்ன அவமதிப்பு?

என்னைக் கலங்கவைப்பது இளையவர்களின் வாதம்தான். அந்நிய ஆட்சியின் நிழல் அந்தச் சொல்லின்மேல் விழுந்திருப்பது உண்மை. அதை மறுப்பவன் வரலாறு படிக்காதவன். ஆனால் சொல்லை எடுத்துவிட்டால் நிழலும் போய்விடும் என்கிறீர்களே, அங்கேதான் நான் தயங்கி நிற்கிறேன்.

1701இல் லண்டனில் தொடங்கிய எஸ்.பி.ஜி. சங்கத்தை அறிவீர்கள். அந்நிய நாடுகளில் சுவிசேஷத்தைப் பரப்பும் சங்கம் என்பது அதன் முழுப்பெயர். 1710இல் இறந்த கிறிஸ்டோபர் காட்ரிங்டன் என்பவர் கரீபியன் கடலோரப் பார்படோஸ் தீவிலிருந்த தம் கரும்புத் தோட்டங்களை, அங்கே உழைத்த அடிமைகளோடு சேர்த்து, இந்தச் சங்கத்துக்கு எழுதி வைத்தார். சங்கம் ஏற்றுக்கொண்டது. அடிமைகளின் மார்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் ஒரு சொல்லைச் சுட்டார்கள். ‘சொசைட்டி’ என்பதே அந்தச் சொல். சுவிசேஷம் அறிவிக்கப் புறப்பட்ட ஒரு சங்கத்தின் பெயர் மனிதத் தோலில் தழும்பாக நின்றது. இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது.

அந்தச் சங்கம் 1965இல் வேறொரு மிஷனோடு இணைந்து, ‘ஐக்கிய’ என்பதன் ஆங்கில முதலெழுத்தை முன்னால் சேர்த்து, யு.எஸ்.பி.ஜி. ஆனது. 2012இல் எல்லாவற்றையும் களைந்துவிட்டு ‘அஸ்’ என்று இரண்டே எழுத்தில் புதுப்பெயர் சூட்டிக்கொண்டது. ‘நாம்’ என்று பொருள்படும் இனிய சொல், யாரையும் உறுத்தாத சொல், உங்கள் இளையவர்கள் கேட்பதும் ஏறக்குறைய அதைத்தான். நான்கே ஆண்டுகளில், 2016இல், யு.எஸ்.பி.ஜி. என்ற பழைய எழுத்துகளுக்கே திரும்பினார்கள். 2023இல் அந்தத் தோட்டங்களின் பாவத்துக்கு ஈடுசெய்யும் பணிக்கென்று பார்படோஸில் 70 லட்சம் பவுண்டு செலவிட உறுதியளித்தார்கள். தொகை போதுமா என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கடனை ஏற்றுக்கொண்டது பழைய எழுத்துகளைத் தாங்கிய அமைப்பு. பெயரை மறைத்துக்கொண்டவர்களிடம் யார் போய்க் கணக்குக் கேட்பது?

இன்னொரு வழியும் உண்டு. 1903இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். மிஷனெரி என்றாலே வெள்ளைக்காரர் என்று எல்லாரும் எண்ணிய காலம் அது. அந்தச் சொல்லைக் கண்டு அவர்கள் ஒதுங்கவில்லை. அதன் முன்னால் ‘இந்திய’ என்று சேர்த்து, இந்திய மிஷனெரி சங்கம் என்று பெயர் வைத்தார்கள். பெயரோடு நிற்காமல், தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்குத் தங்கள் ஆட்களைத் தங்கள் காணிக்கையில் அனுப்பினார்கள். சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வேதநாயகம் அசரியா தாமே 1909இல் அங்கே போனார்; தெலுங்கு கற்றார்; 1912இல் அங்கேயே பேராயரானார். அதே அசரியாதான் 1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், மிஷனெரிகள் நிறைந்த அரங்கில் நின்று, நீங்கள் எவ்வளவோ கொடுத்தீர்கள், இனி எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டவர். மிஷனெரிகளின் தோரணையை முகத்துக்கு நேரே கண்டித்தவர், மிஷனெரி என்ற சொல்லைத் தம் சங்கத்தின் பெயரில் துணிந்து வைத்துக்கொண்டார். இரண்டையும் ஒருவரே செய்தார் என்பதை உங்கள் இரு தரப்பாரும் எண்ணிப் பாருங்கள்.

மிஷன் என்பதன் லத்தீன் வேர் அனுப்புதலைக் குறிக்கிறது. “பிதா என்னை அனுப்பினதுபோல நானும் உங்களை அனுப்புகிறேன்” என்று உயிர்த்த ஆண்டவர் சொல்வதற்குச் சற்று முன், தம் கைகளையும் விலாவையும் காண்பித்தார் என்று யோவான் எழுதுகிறார். காயத்தை மூடிக்கொண்டு அவர் யாரையும் அனுப்பவில்லை. உங்கள் அமைப்பின் அறுபது ஆண்டுகளில் யாருக்கும் காயம் பட்டதில்லையா? பட்டிருந்தால் அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? அறுபதாம் ஆண்டு மலரிலாவது எழுதுவீர்களா?

முதல் சீஷர்களுடைய வழி ‘மார்க்கம்’ என்று வழங்கியதை அப்போஸ்தலர் நடபடிகளில் காண்கிறோம். ‘கிறிஸ்தவர்கள்’ என்பதோ அந்தியோகியாவில் மற்றவர்கள் அவர்களுக்கு இட்ட பெயர் என்பதே வேத அறிஞர்கள் பலருடைய கருத்து. தங்கள் நடுவே வாழ்ந்தவர்களைப் பார்த்து ஊரார் வைத்த பெயர். அதற்காக யாரும் பொதுக்குழு கூட்டவில்லை.

ஆகவே இதைச் செய்யுங்கள். உங்கள் ஊழியர்கள் வேலை செய்யும் ஊர்களில், சபையில் சேர்ந்தவர்களிடமும் சேராதவர்களிடமும் போய், எங்களை நீங்கள் என்ன பெயர் சொல்லி அழைக்கிறீர்கள், ஏன் என்று கேளுங்கள். அவர்களுடைய பதிலை மெருகேற்றாமல் பொதுக்குழுவில் வாசியுங்கள். அந்த ஊர்களிலிருந்து எத்தனை பேருக்கு உங்கள் பொதுக்குழுவில் வாக்கு உண்டு என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கும் இல்லையென்றால் வாக்கெடுப்பைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் அவர்களுக்கு இடம் கொடுங்கள்.