பூட்டிய பீரோவும் பிலேமோன் கடிதமும்

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் குத்தகைக்கு ஆள் வைத்து வேலை பார்க்கிறேன். ஓடிவிடக் கூடாதே என்று நான்கு வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பாஸ்போர்ட்டைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போகிறவன் நான். இதில் தவறு உண்டா?
- ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: உண்டு, ஐயா. மலேசியாவின் 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படியே அது குற்றம். ஆனால் ஆராதனையைப் பற்றிச் சொன்னீர்களே, அதனால் விசுவாசத்தை வைத்தே பேசுகிறேன்.

தேவன் மனிதனைத் தம் சாயலாகப் படைத்தார் என்கிறது ஆதியாகமம் முதல் அதிகாரம். அங்கே முதலாளி, கூலி, குடியுரிமை எதுவும் இல்லை. அரசாங்கம் சுதந்திரத்தைக் காக்கலாம், பறிக்கவும் செய்யலாம், கொடுத்தவர் கர்த்தர். பிலேமோனுக்குப் பவுல் எழுதிய கடிதத்தைப் படியுங்கள், ஒரே அதிகாரம்தான். எஜமானான பிலேமோனை விட்டுப் பிரிந்துபோன அடிமை ஒநேசிமுவைச் சகோதரனாகச் சேர்த்துக்கொள் என்று கேட்கிறார்.

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. அதற்குப் பிறகு வந்த என் தாத்தாவுக்கோ, ஆள் திரட்டி வந்து வேலை வாங்கும் கங்காணியிடம் கடன். அடைக்கும்வரை தோட்டம் மாற முடியவில்லை. விடியுமுன் தொழிலாளர்கள் கூடும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது அவருக்குக் கை நடுங்குமாம், பாட்டி சொல்வார். அந்த நடுக்கத்தை இன்னொருத்தர் பிள்ளைக்கு நாம் கொடுக்கலாமா?

இன்று மாலையே நால்வரையும் கூப்பிட்டு அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர்கள் தங்கும் லயத்து வரிசை வீட்டில் மழை ஒழுகும். நனையாமல் வைக்க ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறையும் வாங்கிக் கொடுங்கள்.