தோல் கழலை நோய் ஆறிய பிறகும் ஒரு மாடு மட்டும் தேறாதது ஏன்?

கேள்வி: சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் சிறிய பால் பண்ணை வைத்திருக்கிறேன். தோல் கழலை நோய் கண்ட மூன்று மாடுகளில் இரண்டு தேறிவிட்டன. கன்று ஈன்ற ஆறாவது வாரத்தில் நோய்ப்பட்ட ஃப்ரீஷியன் கலப்பின மாடு மட்டும், கழலைகள் ஆறி மூன்று மாதமாகியும் மெலிந்தே நிற்கிறது. பின்னங்காலைத் தாங்கி நடக்கிறது, பாலும் பாதிதான். கிருமி இன்னும் உடலில் இருக்கிறதா?

பதில்: ஐயா, அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. கோமாரியிலிருந்து பிழைத்த மாடு மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கிலும், தொண்டையில் வைரஸைச் சுமக்கக்கூடும்; தோல் கழலை நோயில் அப்படி நீண்டகாலம் சுமக்கும் நிலை அறியப்படவில்லை. உதிரும் பொருக்குகளில்தான் அந்த வைரஸ் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே உங்கள் மாட்டை வாட்டுவது, வைரஸ் விட்டுச்சென்ற சேதமும் நோய் வந்த வேளையில் அதன் உடல் இருந்த நிலையும்தான்.

ஈன்ற ஆறாவது வாரம் என்பது பால் உச்சத்தை நெருங்கும் காலம். தின்னும் தீவனம் கறக்கும் பாலுக்கு ஈடாகாமல், மாடு தன் உடற்கொழுப்பைக் கரைத்தே மடியை நிரப்புகிறது. அப்படிக் கரைந்து இரத்தத்தில் கூடும் கொழுப்பு அமிலங்கள் நோய் எதிர்ப்பு அணுக்களின் வேலையை மந்தப்படுத்துகின்றன. மெல்லிய தோலுடைய ஃப்ரீஷியன் இரத்தத்துக்கு இந்நோய் பொதுவாகவே கடுமையாக வரும். அதோடு நம் ஊரின் ஓயாத புழுக்கமும் சேர்ந்து தீவனம் எடுப்பதைக் குறைத்துவிடுகிறது. மற்ற இரண்டு மாடுகளும் தேறியதற்கு, அவை அப்போது இந்தச் சுமையில் இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது அந்தப் பின்னங்காலை முழங்காலிலிருந்து குளம்புவரை தடவிப் பாருங்கள். கழலை தோலின் முழு ஆழத்துக்கும் இறங்கக்கூடியது. அழுகிய நடுப்பகுதி கழன்று விழுந்த குழி வழியே பாக்டீரியா நுழைந்து தசைநாண் உறையையோ மூட்டையோ பிடித்திருந்தால், மேலே தோல் மூடிய பிறகும் உள்ளே சூடும் கெட்டித்தன்மையும் தெரியும். நான்கு காம்புகளின் முதல் பீய்ச்சலையும் கறுப்புத் தட்டில் தனித்தனியே விட்டுப் பாருங்கள். ஒன்றில் திரியோ நீர்த்தன்மையோ தெரிந்தால் மடிநோய் தங்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.

நான் மிகவும் ஐயப்படுவது உண்ணி பரப்பும் இரத்த ஒட்டுண்ணிகளை. தைலேரியா, அனாபிளாஸ்மா போன்றவை அடங்கிக் கிடந்து, மாடு தளரும்போது தலைதூக்கும். கீழ் இமையைப் பிதுக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரைக் கொண்டு இரத்தம் எடுத்து, சிவப்பணு அளவு 24 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்து, இரத்தத்துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி ஒட்டுண்ணி தெரிகிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் ஊசிக்கு மேல் ஊசி போட வேண்டாம். எந்த மருந்து கொடுத்தாலும் மருத்துவர் சொல்லும் நாள்வரை பாலை விற்காதீர்கள்.

இந்நோய் சிங்கப்பூரில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது 2022-இல்தான். புதிய கழலை ஒன்றே ஒன்று தென்பட்டாலும் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு மருத்துவச் சேவைக்கு உடனே தெரிவியுங்கள். மூட்டு கெட்டிருந்தால் இந்த ஈற்றில் பால் முழுமையாகத் திரும்பாது; உடல் தேறும்வரை சினைப்படுத்துவதையும் தள்ளி வையுங்கள்.