பட்டம் யாருக்கு? டி.என்.ஏ. சாட்சி பற்றிச் சில கேள்விகள்

பிரிட்டனின் பிரிங்கிள் குடும்பப் பட்ட வழக்கைப் பற்றிப் பேச்சு வந்ததிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. ஒன்று போலவே கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

அந்த வழக்குதான் என்ன? முதலிலிருந்து சொல்லுங்கள். (தஞ்சாவூர் வாசகர்)

ஸ்காட்லாந்தில் ஸ்டிச்சில் என்ற ஊரின் ராபர்ட் பிரிங்கிளுக்கு 1683இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் பாரோனெட் என்ற பரம்பரைப் பட்டம் கொடுத்தார். அவருக்குப் பின் அவர் உடலில் பிறந்த ஆண் வாரிசுகளுக்கு என்று பட்டயம் சொன்னது. எட்டாம் பாரோனெட் 1902 அக்டோபரில் ஃபுளோரன்ஸ் என்ற பெண்ணை மணந்தார். 1903 மே மாதமே மூத்த மகன் பிறந்துவிட்டான். பிறகு இரண்டு மகன்கள். 1919இல் கணவர் இறந்ததும், மூத்தவனே முறையான வாரிசு என்று ஃபுளோரன்ஸ் எழுதிக் கொடுத்தார். பட்டம் அவனுக்குப் போனது. அவன் மகன் சர் ஸ்டூவர்ட் பத்தாம் பாரோனெட். பிரிட்டனின் ராயல் மரீன் படைத் தலைவராக இருந்தபோது, 1981இல் ஐரிஷ் ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. வைத்த கார் வெடிகுண்டில் ஒரு காலை இழந்தவர்.

குலத் தலைவர் யார் என்று கண்டுபிடிப்பதற்காகப் பிரிங்கிள் குடும்பத்தார் நடத்திய மரபணுத் திட்டத்துக்கு அவரும் மாதிரி கொடுத்தார். வினை அங்கேதான் தொடங்கியது. அவருடைய டி.என்.ஏ. பிரிங்கிள் ஆண்வழியோடு பொருந்தவில்லை. அவருடைய சித்தப்பா மகனுடையது பொருந்தியது. 2013இல் சர் ஸ்டூவர்ட் இறந்தார். மகனும் கேட்டார், சித்தப்பா மகனும் கேட்டார். அரசி விஷயத்தைத் தமக்கு ஆலோசனை சொல்லும் பிரிவி கவுன்சிலின் நீதிக்குழுவுக்கு அனுப்பினார். 2016 ஜூனில் ஏழு நீதிபதிகள் ஒருமனதாகச் சித்தப்பா மகன் பக்கம் தீர்த்தார்கள்.

கல்யாணத்துக்கு முன்பே கரு உண்டானது குற்றமில்லை என்பதைக் கவனியுங்கள். கணவனின் பிள்ளையாக, கல்யாணத்துக்குப் பின் பிறந்திருந்தால் போதும். ஏழு மாதக் கணக்கு பட்டத்தைப் பறிக்கவில்லை. தகப்பன் வேறு என்று தெரிந்ததுதான் பறித்தது.

1919இல் இறந்தவரின் இரத்தம் இல்லாமல் இதை எப்படி நிரூபிக்க முடியும்? (ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர், வேலூர்)

ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு அநேகமாக மாறாமல் வருகிறது. ஆகவே அண்ணன் தம்பி பேரன்கள் இருவரின் ஒய் பெரிதாக வேறுபட்டால், நடுவில் எங்கோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது. எந்தக் கிளையில் அறுந்தது? இரண்டு பேரை மட்டும் வைத்து இதற்கு விடை கிடைக்காது. அதே ஆண்வழியில் இன்னொரு கிளையைச் சேர்ந்த மூன்றாமவர் வேண்டும். அவர் யாரோடு பொருந்துகிறாரோ அவருடைய கிளைதான் சரியானது.

ஒரு எச்சரிக்கை: பொருந்தினால் தகப்பன் இவர்தான் என்று ஒய் சொல்லாது. பெரியப்பாவாக இருக்கலாம், சித்தப்பாவாகவும் இருக்கலாம். இல்லை என்று சொல்வதில்தான் அது கெட்டிக்காரச் சாட்சி.

இத்தனை தலைமுறைக்குப் பிறகு கிளறுவது நியாயமா? காலவரையறை இல்லையா? (வழக்கறிஞர், கோவை)

சர் ஸ்டூவர்ட்டின் மகன் தரப்பும் இதைத்தான் வாதிட்டது. சோதனை பொய் என்று சொல்லவில்லை. சாட்சியாக ஏற்கக்கூடாது என்றது. நிலத்தை நெடுங்காலம் அனுபவித்தால் உரிமை வரலாம், பட்டத்தை அனுபவித்தால் வராது என்று நீதிமன்றம் மறுத்தது. பழைய வாரிசுரிமைகளை எல்லாம் இப்படித் திறந்துவிடுவது நல்லதா என்பதைச் சட்டம் இயற்றுபவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் சொல்லிவைத்தது. எனக்கென்னவோ அது கையைக் கழுவிய பேச்சாகவே படுகிறது.

நம் சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. 1872 சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 116ஆம் பிரிவு. கல்யாணம் செல்லுபடியாக இருக்கும்போது பிறந்த பிள்ளை கணவனுடையதே. இருவரும் கூட வாய்ப்பே இல்லை என்று காட்டினாலொழிய அது முடிவான சான்று. அதைத் தந்தவர்கள் ஆங்கிலேயர்கள்தான்! ஆனாலும் டி.என்.ஏ. எதிராக நிற்கும்போது அறிவியலுக்கே வழிவிட வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது.

சோதனையில் பிரபுவின் மகன்தான் என்று தெரிந்தால் பட்டம் கிடைத்துவிடுமா? (மதுரை)

கிடைக்காது. இரத்தம் ஒன்று, கல்யாணம் ஒன்று, இரண்டும் வேண்டும். பிரிட்டனின் மொய்னிஹன் பிரபு 1991இல் மணிலாவில் இறந்தபோது இரண்டு பையன்கள் இருந்தார்கள். ஒருவன் அவர் மகனே அல்ல என்று டி.என்.ஏ. சொன்னது. மற்றவனின் தாயோடு நடந்த கல்யாணம் செல்லவில்லை, ஏனென்றால் அதற்கு முந்தைய மணவிலக்கு மோசடியாகப் பெற்றது. இருவரும் போக, 1997இல் பட்டம் மாற்றாந்தாய் மகனான தம்பி காலின் மொய்னிஹனுக்கு வந்தது. முன்னாள் விளையாட்டு அமைச்சர்; 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் படகுப் போட்டியில் வெள்ளி வென்ற அணியில் இருந்தவர்.

பெல்ஜியம் வேறு. அங்கே முன்னாள் மன்னர் இரண்டாம் ஆல்பர்ட் டி.என்.ஏ. மாதிரியைத் தர மறுத்தால் நாளொன்றுக்கு 5,000 யூரோ அபராதம் என்று 2019இல் நீதிமன்றம் சொன்னது. கொடுத்தார், மணத்துக்கு வெளியே பிறந்த டெல்ஃபின் அவர் மகள் என்று உறுதியானது. 2020இல் அவர் இளவரசியானார், அரியணைக்கு மட்டும் வரிசையில் இல்லை.

மருமக்கள் வழியில் இந்தச் சோதனைக்கு வேலை உண்டா? (நாகர்கோவில்)

அருமையான கேள்வி. திருவிதாங்கூரில் அரசருக்குப் பின் அவர் சகோதரியின் மகன் வந்தார். தகப்பன் யார் என்பது வாரிசுரிமையில் பொருட்டே இல்லை, எனவே ஒய் குரோமோசோம் அங்கே செல்லாக்காசு. தாய்வழியாக வரும் மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ.தான் பேசும். அதற்கும் வழக்கம் வழிவிட்டிருக்காது: 1900இல் மாவேலிக்கரையிலிருந்து இரண்டு பெண் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள், அவர்களில் ஒருவரின் மகனே கடைசியாக ஆண்ட சித்திரைத் திருநாள்.

பிரிட்டனில் தத்துப்பிள்ளைக்கு? விந்து தானத்தில் பிறந்தவனுக்கு?

சொத்து கிடைக்கலாம், பட்டம் கிடைக்காது.

பழைய இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்பைச் சோதித்தபோது ஏதோ பொருந்தவில்லை என்றார்களே, அரியணைக்கு ஆபத்தா? (சென்னை)

2012இல் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்த எலும்புகள். தாய்வழி டி.என்.ஏ. பொருந்தியது. ரிச்சர்டின் அதே ஆண்வழி என்று சொல்லப்படும் பியூஃபோர்ட் பிரபுக்கள் வழியில் இன்று வாழும் ஐந்து ஆண்களின் ஒய் பொருந்தவில்லை. எங்கோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை. எங்கே அறுந்திருந்தாலும் இன்றைய மன்னருக்குக் கவலையில்லை: அவர் அமர்ந்திருப்பது ஹனோவரின் சோஃபியாவின் சந்ததிக்கு அரியணை என்று 1701இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பலத்தில்.