மூளை சி.டி. ஸ்கேன்: கதிரியக்க மருத்துவரிடம் கேளுங்கள்

கேள்வி: ஒரு தடவை தலைக்கு சி.டி. எடுத்தால் எவ்வளவு கதிர்வீச்சு? புற்றுநோய் வருமா?

பதில்: சுமார் 2 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் நம் எல்லோருக்குமே ஆண்டுக்கு ஏறக்குறைய 2.4 மில்லிசீவர்ட் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஸ்கேன் முடிந்தபின் உடம்பில் கதிர் எதுவும் தங்காது. ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன், மிகச் சிறியது. குழந்தைகள் விஷயத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

கேள்வி: பல் அடைத்திருக்கிறேன். எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். படத்தில் கோடுகள் விழும், அவ்வளவுதான். கம்மல், ஹேர்பின், பல்செட்டைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வாய் கோணி, வலது கையைத் தூக்க முடியவில்லை. ஒரு மணி நேரத்தில் சி.டி. எடுத்தார்கள். ‘நார்மல்’ என்று ரிப்போர்ட். ஆனாலும் பக்கவாதம் என்று ஊசி போட்டார்கள். முதலில் பார்த்தவர் கோட்டை விட்டாரா?

பதில்: இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பக்கவாதம் இரண்டு விதம்: ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது, வெடித்துக் கசிவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சி.டி.யில் அடர்த்தியை அளக்க, அதைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரிலேயே ஓர் அளவுகோல் உண்டு. எண் கூடக்கூடப் படத்தில் வெள்ளையாகத் தெரியும். தண்ணீருக்கு 0. மூளைத் திசு 25 முதல் 40 வரை. கசிந்த புது ரத்தம் 50–70. ஆகவே கசிவு உடனே வெள்ளையாகத் தெரிந்துவிடும். அடைப்பு அப்படியல்ல. ரத்தம் கிடைக்காத திசு நீர்கோத்துக் கருமையாகத் தெரியப் பல மணி நேரம் ஆகலாம்.

அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். கசிவு இருப்பவருக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. உங்கள் அப்பாவின் ‘நார்மல்’ ரிப்போர்ட்தான் அந்த ஊசிக்கு வழிவிட்டது. தயவுசெய்து எல்லோரும் ஒன்று செய்யுங்கள்: நோயாளி கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். தூங்கி எழும்போதே கை வராவிட்டால், படுக்கப் போன நேரம்தான் கணக்கு.

கேள்வி: இதை ஏற்க முடியவில்லை. அடைப்பைக் காட்டாத ஸ்கேன் எதற்கு? நேராக எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமே?

பதில்: அடைப்பைச் சீக்கிரம் காட்டுவதில் எம்.ஆர்.ஐ.தான் மேல், மறுக்கவில்லை. ஆனால் நினைவு தவறியவருக்குப் பேஸ்மேக்கர் உண்டா, உடம்பில் உலோகம் உண்டா என்று விசாரிக்க வேண்டும். அசையாமல் பல நிமிடம் படுக்க வேண்டும். சி.டி. சில விநாடிகளில் முடிந்துவிடும்.

கேள்வி (அப்பாவைப் பற்றிக் கேட்டவரே): அப்படியென்றால் ‘நார்மல்’ என்று எழுதியது ஏன்? நாங்கள் ஊசியே வேண்டாம் என்று சண்டை போட்டோம்.

பதில்: உங்கள் கோபம் நியாயம். ‘ரத்தக்கசிவு இல்லை, அடைப்பு இருக்கலாம்’ என்று எழுதியிருக்க வேண்டும். எங்கள் துறையில் நான் மாற்ற நினைக்கும் பழக்கம் இது. சந்தேகம் வலுத்தால் கையில் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி ரத்தக்குழாயையே படமெடுக்கலாம். பெரிய குழாய் அடைத்திருந்தால், தகுந்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரைகூட உறைந்த ரத்தக்கட்டியைக் குழாய் வழியே வெளியே எடுக்க முடியும். அதற்கும் நேரத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.

கேள்வி: அடிக்கடி தலைவலி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சி.டி. எடுத்தால் கதிர்வீச்சு பாதிக்குமா?

பதில்: அளவு முதல் பதிலில் இருக்கிறது. எதற்காக எடுக்கிறீர்கள்? ஒற்றைத் தலைவலி சி.டி.யில் தெரியாது. நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் தலைவலி என்றால் மட்டும் அந்த நொடியே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள், தொடங்கிய நேரத்தோடு.

கேள்வி: பேஸ்மேக்கர் இருக்கிறது, சி.டி. எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். காந்தம் எம்.ஆர்.ஐ.யில்தான்.

கேள்வி: கர்ப்பமாக இருக்கிறேன். கதிர்வீச்சு...

பதில்: தலைக்கு எடுக்கும்போது கருவை எட்டுவது மிக மிகக் குறைவு. ஆனாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பாட்டி மூன்று வாரத்துக்கு முன் வழுக்கி விழுந்தார். அன்று சி.டி. சரியாக இருந்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது தடுமாறுகிறார், பகலிலும் தூங்குகிறார்.

பதில்: இன்றே கூட்டிப்போங்கள். மூளையைச் சுற்றி ரத்தம் மெல்லமெல்லச் சேர்ந்து வாரக்கணக்கில் அழுத்தலாம். இரண்டாவது சி.டி. இப்போது அவசியம். பழைய பிலிமையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். தடுமாற்றம் என்று தொடங்கியது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.